பெயரை மறுக்கும் உரிமை

"நீங்கள் கத்தோலிக்கரா, கிறிஸ்தவரா?" என்று நம்மவருள் சிலர் இயல்பாக வினவுகின்றனர். மல்லிகையா, பூவா என்று கேட்பது போன்றது இவ்வினா. எனினும் கேட்பவரைப் பழித்துப் பயனில்லை. இதற்குப் பின்னே பழம்பூசல் ஒன்று கிடக்கின்றது.

தமிழகத்திலேயே அதனைக் காணலாம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவரோ இயேசு சபைத் துறவி. தேம்பாவணி தந்த அதே கை 'லுத்தேரினத்தியல்பு' என்னும் கண்டன நூலையும் எழுதிற்று. தமிழ் பயின்றோர்க்கு இது சற்றே வருத்தந் தருவதுதான்.

மீட்பு விசுவாசத்தால் மட்டுமே. மரியன்னையிடமும் புனிதரிடமும் பரிந்துரை வேண்டுதற்கு வேதத்தில் சான்றில்லை என்பது சீர்திருத்தத்தார் வாதம். இவை மெய்யான வேறுபாடுகளே. ஆனால் கொள்கையிற் பிழை காண்பது வேறு. பெயரையே பறிப்பது வேறு. மார்ட்டின் லுத்தர் 1483இல் குழந்தையாக இருந்தபோது பெற்றது கத்தோலிக்கத் திருமுழுக்கே. பின்னாளில் அவர் மறுமுழுக்குப் பெற்றாரில்லை; அதனை வற்புறுத்தியோரைக் கண்டித்தும் எழுதினார். மறுபுறம், அவர்தம் கொள்கைகளைக் கடுமையாக மறுத்த திரெந்துச் சங்கமும், பிரிந்துசென்றோர் மூவொரு கடவுளின் பெயரால், திருச்சபையின் கருத்துக்கிசைய அளிக்கும் முழுக்கு மெய்யானதே என்று 1547இல் விதித்தது. பகைமை முற்றியிருந்த காலத்திலும் இருசாராரும் அந்நீரை மறுத்தாரில்லை!

குழந்தை முழுக்கையே ஏற்காத சபைகள் சில இன்றும் கத்தோலிக்கருக்கு மறுமுழுக்கு அளிக்கின்றன. அவை லுத்தரன் சபையாருக்கும் அவ்வாறே செய்கின்றன. ஆயினும் லுத்தரைக் கிறிஸ்தவர் அல்லர் என்று கூற அச்சபையார் துணிவதில்லை.