யார் சேர்த்துப் பார்ப்பது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊர் சுற்றிப் பார்க்க வருபவருக்கு அது சந்தோஷமான ஒரு மணி நேரம். ஏற்காட்டைத் தாண்டி, வாழவந்தி மாதிரியான சேர்வராயன் மலைக் கிராமத்தில் கால் ஊன்ற முடியாமல் வீட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு அந்தச் சாலை கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் வாசற்படி இருக்கிறது. படிக்குப் பிறகு மழையில் வழுக்கும் மண்சரிவு. அதற்கும் பிறகுதான் வண்டி நிற்கும் இடம்.

இப்படி ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். எழுபத்தைந்து வயது ஆயா. வாழ்நாளெல்லாம் காப்பிப் பழம் பறித்துத் தேய்ந்த விரல்கள். கூடவே, பிறந்ததிலிருந்து நடக்க முடியாத நாற்பது வயது மகன். மற்ற பிள்ளைகள் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இந்த மலையில், காப்பியும் மிளகும் தருவது போதாமல் இளையவர்கள் கீழே இறங்கிப் போவது புதிய செய்தி இல்லை. மேலே தங்கிவிடுபவர்களில் போக முடியாதவர்கள் உண்டு, போக மனமில்லாதவர்களும் உண்டு. ஆயா இரண்டும்.

இந்த வீட்டுக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஓஏபி பணம் என்று ஊரில் சொல்லும் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மகனுக்குப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திரும்பி வந்த முதியவர்களுக்காகவே வந்ததுபோல, 2025 ஆகஸ்டில் ‘தாயுமானவர்’ திட்டம் அரிசியையும் பருப்பையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. குடிசைக்குப் பதில் 360 சதுர அடியில் 3.5 லட்சம் ரூபாய்க்குக் ‘கனவு இல்லம்’ திட்டத்தில் வீடு. வீட்டுத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமே சொல்கிறது. இவையெல்லாம் சின்ன விஷயங்கள் இல்லை. இவற்றுக்காகப் போராடியவர்களுக்கும் எழுதிச் செயல்படுத்தியவர்களுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். ஓஏபி வருவாய்த் துறை. மகனின் உதவித்தொகையும் சக்கர நாற்காலியும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. மாத்திரை சுகாதாரத் துறை. அரிசி கூட்டுறவுத் துறை. வீடு ஊரக வளர்ச்சித் துறை. பழங்குடியினர் நலனுக்கு ஒரு துறை, முதியோர் சட்டத்துக்குச் சமூக நலத்துறை. ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இரண்டு உயிர்களைப் பார்க்க ஏழு துறைகள்.

சக்கர நாற்காலி வந்து சேரும். வாசல் அதைவிடக் குறுகலாக இருக்கும். வாசலை அகலப்படுத்தினாலும் முன்னால் படி இருக்கும். சாய்தளம் அமைக்கலாம் என்றால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொது விதி. இரண்டடி மேடை என்றால் இருபத்து நான்கு அடி. மலைச்சரிவில் வெட்டி எடுத்த முற்றத்துக்கு அந்த நீளமே இருக்காது. உண்மையில் சரிவில் கட்டும் வீட்டுக்கு மேட்டுப் பக்கமாக வாசல் வைத்தால் படியே இல்லாமல் உள்ளே போகலாம். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது, அங்கே நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார் என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்ல வேண்டியது யார் வேலை? நாற்காலி கொடுத்தவருக்கு வீட்டின் வரைபடம் தெரியாது. வீடு கட்டியவருக்கு நாற்காலி வரப்போவது தெரியாது. மகனுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும் இயன்முறை மருத்துவருக்கு, அவனைத் தூக்கி உட்காரவைக்கும் ஆயாவுக்கே இப்போது தோள்பட்டை தூக்க வரவில்லை என்பது தெரியாது. எல்லாப் பதிவேட்டிலும் இந்த வீட்டுக்கு நேராக ‘வழங்கப்பட்டது’ என்று இருக்கும். இரவில் வெளியே இருக்கும் கக்கூசுக்குப் போக முடியாமல் இரண்டு பேரும் விடியும்வரை காத்திருப்பார்கள்.

இவர்களைக் கீழே கொண்டுபோய் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, ஆதரவற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அரசு அமைக்கலாம் என்கிறது. யாருமே இல்லாதவருக்கு அந்த இல்லம் வேண்டும், நல்லபடியாகவும் நடக்க வேண்டும். ஆனால் இந்த ஆயா முதியோர் இல்லத்துக்குப் போவாள், மகன் வேறோர் இல்லத்துக்குப் போவான். நாற்பது வருடம் ஒருவருக்கொருவர் கையும் காலுமாக இருந்தவர்கள் வயதுப்படியும் சான்றிதழ்படியும் பிரிக்கப்படுவார்கள். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையே கிளம்பிப் போகும் நாளில் அவள் வேறெங்கோ இருப்பாள்.

நான்கு சுவர் எழுப்பி உள்ளே ஆட்களை வைத்துவிட்டால் பராமரிப்பு ஆகிவிடும் என்று நினைத்ததன் விலையைத் தமிழ்நாடு ஒரு முறை கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தார். வெறுப்பால் விட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் வைத்துப் பார்க்கத் துணை இல்லை. துணை கிடைக்கும் இடம் என்று யாரும் காட்டவும் இல்லை.

துணை எப்படி இருக்கலாம் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு, தெருவில் திரிந்த மனநலம் பாதித்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. குணமாகிப் பலர் வீடு திரும்பினார்கள். திரும்ப வீடே இல்லாதவர்கள் வருடக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். நல்ல மருத்துவமனைதான், ஆனாலும் மருத்துவமனை. 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் வேறு வழியில் போனார்கள். சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீடு. நான்கைந்து பேர் ஒன்றாகக் குடியிருப்பார்கள். என்ன சமைப்பது, எப்போது தூங்குவது, யார் கடைக்குப் போவது எல்லாம் அவர்களே முடிவு செய்வார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் பலர் பயிற்சி பெற்று, சம்பளத்துக்குத் துணையாளர்களாக இருப்பார்கள். ஒருவருக்கு அதிக உதவி வேண்டும் என்றால் அதிகம், குறைவாகப் போதும் என்றால் குறைவு. மாத்திரை, வங்கிக் கணக்கு, வேலை, பண்டிகை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் ஒரே கண் சேர்த்துப் பார்க்கும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் சமூகத்துக்குள் நடக்கும் மனநலச் சேவைகளுக்கு நல்ல முன்மாதிரிகளைத் தொகுத்தபோது இதையும் சேர்த்தது. அதே தொகுப்பில் பிரிட்டனின் ‘கீரிங்’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. அங்கே அவரவர் அவரவர் வீட்டில்தான் இருக்கிறார்கள். நடந்து போகும் தூரத்தில் வாழும் சுமார் பத்துப் பேரை ஒரு வலையாகக் கோத்து, அதே பகுதியில் குடியிருக்கும் ஒருவர் எல்லோரையும் கவனித்துக்கொள்கிறார்.

படித்தபோது எனக்கு இந்த இரண்டாவது ஏற்பாடு வாழவந்திக்கென்றே செய்ததுபோல இருந்தது. மலைக் கிராமத்தில் யார் வீட்டு அடுப்பு இன்று புகையவில்லை என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். தெரிவதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம். தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்பதற்குத்தான் ஆள் வேண்டும். அண்டை வீட்டார் அன்பை நம்பி விட்டுவிடலாமே என்றால், அந்த அன்பு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மருமகள், அல்லது கல்யாணம் ஆகாத ஒரு மகள், அல்லது பக்கத்து வீட்டு அக்கா. கூலி வேலையை விட்டுவிட்டு வருடக்கணக்கில் இன்னொருவரைக் குளிப்பாட்டி, தூக்கி, துடைத்து, கடைசியில் அவள் முதுகும் போகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. அந்த வேலை வேலைதான், அதற்குக் கூலி உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டதாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

சட்டத்தின் 5ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தோடு வாழும் உரிமை உண்டு. இன்ன ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2007இல் இந்தியா ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. சுயமாக வாழ்வது என்றால் யார் உதவியும் இல்லாமல் வாழ்வது என்று நாம் நினைத்துவிட்டோம். அப்படி ஒருவரும் வாழவில்லை. சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் நாற்பது வயது ஆரோக்கியமான மனிதருக்குத் தண்ணீர் யாரோ ஏற்றுகிறார், குப்பையை யாரோ எடுக்கிறார், பால் யாரோ கொண்டுவருகிறார். அவருக்கு வரும் உதவிகள் ஏற்கெனவே கோக்கப்பட்டு ஒழுங்காக வருவதால் அவை உதவி என்றே அவருக்குத் தோன்றுவதில்லை. ஆயாவுக்கும் மகனுக்கும் வரும் உதவிகள் கோக்கப்படாமல் தனித்தனியாக வருகின்றன. அதனால் அவர்கள் அண்டிப் பிழைப்பவர்களாகத் தெரிகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் உடம்பில் கொஞ்சம்தான் இருக்கிறது. மீதியெல்லாம் ஏற்பாட்டில் இருக்கிறது.

ஒருங்கிணைப்பு என்றால் கூட்டம், கோப்பு, கடிதப் போக்குவரத்து என்றே நமக்குப் பழகியிருக்கிறது. அதன் அடியில் இருப்பது வேறு. ஒரு மனிதரை முழுதாக நினைவில் வைத்திருப்பது. அவருடைய தோள்பட்டை வலி, மகனின் நாற்காலி, வாசல் அகலம், அவருக்குக் களி பிடிக்கும் என்பது, தனக்குப் பின் மகன் என்ன ஆவான் என்று அவர் தூங்காமல் கிடப்பது எல்லாம் ஒரே ஆளின் மனத்தில் சேர்ந்து இருந்தால்தான் ஏழு துறைகள் தருவதும் ஒரு வாழ்க்கையாகும். வீட்டில் வயதான தாயை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் மகள் செய்வது இதைத்தான். அந்த மகள் இல்லாத வீட்டுக்கு ஊர் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயது கடந்தவர்கள் 2011இல் 10.4 சதவீதம், 2031இல் 18.2 சதவீதமாக இருப்பார்கள் என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. இளையவர்கள் இறங்கிப் போகும் மலையில் இந்த விகிதம் இன்னும் முன்னதாகவே வந்துவிடும் என்று நினைக்கிறேன். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம், ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்து, மாற்றுத்திறனாளிகளின் வீடு தேடிப் போகும் முன்களப் பணியாளர்களையும் வைத்திருக்கிறது. திசை சரியானது. மலைக்கென்று அதில் ஒன்று மாற வேண்டும்: அந்தப் பணியாளர் அதே மலையில் வாழ்பவராக இருக்க வேண்டும், மாற்றுத்திறனாளி மகனைப் பார்க்கப் போனவர் முதிய தாயையும் தன் பொறுப்பாக எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊராட்சியின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, நம் ஊரில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார், வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள் யார், அவர்களை முழுதாகப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். அதற்கு முன் அந்த வீடுகளுக்குப் போய், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டு வாருங்கள். உடனடியாக உதவி வேண்டிய முதியவர் யாராவது இருந்தால், முதியோர் உதவி எண் 14567. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.