மார்கழியிலும் வியர்க்கிறதா?

மே மாதத்துச் சென்னையில் இரவில் வியர்ப்பதை யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. மின்சாரம் போய் ஃபேன் நின்றதும் பாய் நனைந்தால், அதற்குக் காரணம் தேடி மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை. மருத்துவர்கள் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அறை குளிர்ச்சியாக இருந்தும், உடுத்தியதையும் தலையணை உறையையும் மாற்றியே ஆகவேண்டும் என்கிற அளவுக்கு, திரும்பத் திரும்ப நனைவது. மார்கழியிலும் வியர்க்கிறதா என்று கேட்டாலே பாதி விடை தெரிந்துவிடும். நம்மில் பலர் வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறோம். அல்லது 'உடம்புச் சூடு' என்று இளநீரும் எண்ணெய்க் குளியலுமாக நாளை ஓட்டுகிறோம். இரண்டும் சுகமானவைதான். ஆனால் காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உடல் வெப்பம் நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை. மாலையில் ஏறி, தூக்கம் வரும் நேரத்தில் இறங்கத் தொடங்கி, விடியற்காலை நாலைந்து மணி வாக்கில் மிகக் கீழே போகும். இறக்குவதற்காக உடம்பு தோலுக்கு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்பும், கொஞ்சம் வியர்க்கவும் செய்யும். இதையெல்லாம் நடத்துவது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். வெப்பம் ஓர் எல்லைக்கு மேலே போனால் வியர்வை, இன்னோர் எல்லைக்குக் கீழே போனால் நடுக்கம். நடுவில் இருக்கும் இடைவெளியில் அது சும்மா இருக்கும்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இந்த இடைவெளிதான் குறுகிப்போகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு அந்தப் பருவம் சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது ஹைப்போதலாமஸில் ஒரு நரம்பணுக் கூட்டம் கட்டுத் தளர்ந்து மிகையாக வேலை செய்கிறது. வெப்பம் ஒரு டிகிரியில் சிறு பங்கு ஏறினாலே போதும், மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறும். போர்வையை உதறிவிட்டு எழுந்து ஃபேனை ஐந்தில் வைப்பார். அதற்குள் நைட்டியின் முதுகு நனைந்திருக்கும். சற்று நேரத்தில் அந்த ஈரத்திலேயே குளிர் எடுத்து, உதறிய போர்வையை மறுபடி இழுத்துக்கொள்வார். பக்கத்தில் படுத்திருப்பவர் ஃபேனைக் குறைக்கச் சொல்லுவார்.

'இந்த வயசில் இதெல்லாம் வரத்தான் செய்யும்' என்று வீட்டுப் பெரியவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். வரும்தான். ஆனால் இது சிலருக்கு ஏழெட்டு ஆண்டுகள்கூட நீடிக்கும். அத்தனை நாள் தூக்கத்தை ஏன் இழக்க வேண்டும்? இதைத் தணிக்க ஹார்மோன் சிகிச்சை உண்டு. ஆனால் அதன் பெயரைச் சொன்னாலே 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கிளப்பிய பயம் இன்னும் போகவில்லை. அறுபது வயதுக்கு உட்பட்ட, மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ இதய நோயோ வராத பெண்களில் பெரும்பாலோருக்கு அதன் நன்மையே கூடுதல் என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு, அந்த நரம்பணுக்களின் சமிக்ஞையை நேராகத் தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

காய்ச்சலோடு வரும் வியர்வையின் கணக்கு வேறு. கிருமியோடு போராடும்போது ஹைப்போதலாமஸ் தன் எல்லையையே மேலே தூக்கி வைக்கிறது. இரவில் அதைப் பழையபடி இறக்கும்போது, சேர்ந்த வெப்பம் வியர்வையாக வெளியேறுகிறது. மாலையில் மெல்லிய காய்ச்சல், இரவில் வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இறங்கும் எடை: இவை சேர்ந்து வந்தால் நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியை ஊரைவிட்டுப் பிரித்து சானடோரியத்தில் வைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950-களின் இறுதியில் உலகத்துக்கு நிரூபித்ததே சென்னையில் நடந்த ஆய்வுதான். அதே ஊரில் இந்த நோயை இன்னும் ஒளித்து வைக்கிறோம்.

சர்க்கரை நோயாளிக்கு வருவது பொறுத்துப் பார்க்கக் கூடாத வியர்வை. இன்சுலினோ கிளிமிபிரைடோ போட்டுக்கொண்டு, பசியில்லை என்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டவர், மூன்று மணிக்குக் கெட்ட கனவு கண்டு விழிப்பார். முதுகு சில்லென்று நனைந்திருக்கும், கை நடுங்கும். உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு வேறு ரசாயனத்தில் இயங்குவதால் வியர்வை மட்டும் மறையாது. அவர்களுக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை அதுவாகவே இருக்கலாம்.

தைராய்டு மிகுதி, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம், மனச்சோர்வு மாத்திரைகள், காய்ச்சலுக்குப் போட்ட பாராசிட்டமால் எல்லாமே இரவில் வியர்க்க வைக்கும். கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி இருந்து, ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், நிணநீர்ப் புற்றுநோயா என்று தாமதிக்காமல் பார்க்க வேண்டும். நெஞ்சு வலியோடு திடீரென்று வியர்த்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இப்படி அவசரம் இல்லாதவர் மருத்துவரிடம் போகுமுன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை மணிக்கு வியர்த்தது, தெர்மாமீட்டர் என்ன காட்டியது, இரவு என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை போட்டார். பருத்தி விரிப்பு, முன்னிரவிலேயே காரமில்லாத சாப்பாடு, மதுவைத் தவிர்ப்பது எல்லாம் தூக்கத்துக்கு உதவும். மருத்துவர் ரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர்., தைராய்டு, மார்பு எக்ஸ்ரே என்று தொடங்குவார். எல்லாம் சரியாக இருந்தும் காரணம் பிடிபடாதவர்கள் நிறையப் பேர். எடை குறையாமலும் காய்ச்சல் இல்லாமலும் இருக்கும்வரை, அவர்களைச் சில மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வதுதான் வழக்கம்.