யார் செய்த வினை?

குழந்தைக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் அறிவித்த நாள்முதல் பெற்றோரின் உள்ளத்தில் எழும் கேள்விகளுள், பால்மணம் மாறாத பிள்ளை என்ன பாவம் செய்தது என்பது மருத்துவத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதே கேள்வி உற்றார் வாயிலிருந்து ‘யார் செய்த வினையோ’ என்னும் பெருமூச்சாக வெளிப்படும்போது, இரங்கல் என்றே கருதிச் சொல்லப்பட்டாலும், அது தாயின் செவியில் குற்றச்சாட்டாகவே விழுகிறது. துன்பத்திற்குச் சமயம் தரும் விளக்கம் துன்புறுவோர் தலையிலேயே சுமையாக ஏறிவிடுவதால், வினைக் கொள்கை பிறர் துயரை விளக்குவதற்கு உரிய கருவிதானா என்பதையும், அத்தகைய பெற்றோருக்கு அருகில் இருப்பவரின் அறக்கடமை யாது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது.

மருத்துவம் இதில் சொல்லக்கூடியது சிறிதே எனினும் தெளிவானது. பெரும்பாலான குழந்தைப் புற்றுநோய்களுக்குத் திட்டவட்டமான காரணம் கண்டறியப்படவில்லை. ஏறத்தாழ 10 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் மட்டுமே பரம்பரையாக வரும் மரபணுக் கூறு காணப்படுகிறது. தாய் உண்ட உணவோ தந்தையின் கோபமோ இந்நோயைத் தருவதில்லை. ஆயினும் குற்றவுணர்வு அறிவுக்குக் கட்டுப்படுவதில்லை. நவீன வலிதணிப்பு மருத்துவத்திற்கு அடிகோலிய சிசிலி சாண்டர்ஸ், உடல்வலி, மனத்துயர், சமூக நெருக்கடி, ஆன்மிக வேதனை ஆகிய நான்கும் பின்னிக் கிடப்பதை ‘முழுமையான வலி’ என்றார். அவர் நோயாளியைக் கருதிச் சொன்ன இக்கருத்து, படுக்கையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும் அப்படியே பொருந்துகிறது.

பெற்றோரின் வினையே பிள்ளையைத் தாக்கியது என்னும் பேச்சு சமயத்தின் பெயரால் வழங்கினாலும், சைவ சித்தாந்தத்தில் அதற்கு இடமில்லை. ஓர் உயிர் பல பிறவிகளில் ஈட்டிக் குவித்த வினை சஞ்சிதம் எனவும், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம் எனவும், நுகரும்போது புதிதாக ஈட்டுவது ஆகாமியம் எனவும் அந்நெறி பகுத்துரைக்கிறது. வினை அதனைச் செய்த உயிரையே சாரும் என்பது இதன் அடிப்படை. மேலும், வினை அறிவற்ற சடப்பொருளாதலால் தானே சென்று உயிரைப் பற்றாது என்றும், எந்த வினை எவ்வுயிருக்கு எப்போது பயன்தர வேண்டும் என்பதை முற்றறிவுடைய இறைவனே அறிந்து கூட்டுவிக்கிறான் என்றும் சித்தாந்தம் வாதிடுகிறது. அவ்வாறாயின், சிற்றறிவுடைய உயிர் மற்றோர் உயிரின் வினைக்கணக்கை வாசிக்கப் புகுவது இறைவனின் இருக்கையில் தான் ஏறி அமர்வதாகும். பிறருடைய பிராரத்தத்தைக் கணித்துச் சொல்பவர், புண்படுத்தும் அச்சொல்லாலேயே தமக்கு ஆகாமியத்தை ஈட்டிக்கொள்கிறார். வினைக் கொள்கை ஒருவர் தம் நடத்தையைத் திருத்திக்கொள்வதற்கு வாய்த்த கண்ணாடி. அதைப் பிறர் முகத்துக்கு நேரே நீட்டும்போது அதன் பயன் கெடுகிறது.

பிற சமய மரபுகளிலும் இதே எச்சரிக்கை உண்டு. விவிலியத்தின் யோபு நூலில், மக்களை இழந்து நோயில் கிடந்த யோபுவைக் காண வந்த மூன்று நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் அமர்ந்து வாய்திறவாமல் இருந்தார்கள். பிறகு அவன் துன்பத்திற்கு அவன் பாவமே காரணம் என்று வாதிட்டார்கள். இறுதியில் கடவுளின் கண்டனம் அவர்கள்மீதே விழுந்தது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைச் சுட்டி, பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் வினவியபோது, இயேசு இரண்டையுமே மறுத்ததாக யோவான் நற்செய்தி கூறுகிறது. குழந்தை மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகம் கண்ணீர் வடித்ததையும், அக்கண்ணீரை இரக்கத்தின் அடையாளமாகவே அவர் கூறியதையும் இசுலாமிய மரபு பேணி வருகிறது. ஆகவே ‘சப்ர்’ எனப்படும் பொறுமை, அழுகையை அடக்குவதன்று. அழும் பெற்றோரிடம் ‘அழாதே, தைரியமாக இரு’ என்று கட்டளையிடுவது எந்தச் சமயத்தின் ஆணையும் அன்று.

எனினும், தவறான சொல்லைத் தவிர்ப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் கடுமையான நிணநீர் வகை இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை சிகிச்சை தேவைப்படுகிறது. கீமோ மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலே அவசரநிலை என்பதால், தாய் நள்ளிரவில் எழுந்து பிள்ளையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து, ஏறும் எண்ணைப் பார்த்தபடி, மருத்துவமனைக்கென்று கட்டிவைத்த பையை எடுப்பதா வேண்டாவா என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறாள். அதே வேளையில் தந்தை கூலியை இழக்கிறார். வீட்டில் விடப்பட்ட மற்றொரு பிள்ளை பள்ளிக்கு அழைத்துச் செல்ல ஆளின்றி நிற்கிறது. காப்பீடு சிகிச்சைச் செலவை ஏற்றாலும் பேருந்துக் கட்டணத்தையும் வாடகை அறையையும் இழந்த கூலியையும் அது ஈடுசெய்வதில்லை. வசதி மிக்க நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் குணமடைய, ஏழை நாடுகளில் பலர் மடிவதற்குச் சிகிச்சையை இடையில் கைவிட நேர்வதும் ஒரு காரணமாகும். எனவே, வீட்டிலுள்ள பிள்ளைக்குச் சோறாக்கிப் போடுவதும், தட்டணுக்கள் குறைந்த நாளில் இரத்த வங்கிக்குச் சென்று கைநீட்டுவதும், ஒரு மாத வாடகையைக் கேளாமலே கொடுப்பதும் குழந்தையின் சிகிச்சையோடு நேரடித் தொடர்புடைய அறங்களாகும். பிள்ளை பிழைக்காத வீட்டிலும் இக்கடமை தீர்வதில்லை. இறந்த குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேச ஒருவர் வந்து அமர்வது அப்பெற்றோர்க்குப் பெருந்துணையாகும்.

அன்பு பெற்ற குழந்தையே அருள் என்றும், பொருள் என்னும் செவிலித்தாயே அதனை வளர்க்கிறாள் என்றும் திருவள்ளுவர் உருவகித்தார். தொடர்புடையாரிடத்துத் தோன்றும் அன்பு, தொடர்பில்லாதாரிடத்தும் பரவும்போது அருளாகிறது என்பதும், கைப்பொருள் சேராத இரக்கம் வளராது என்பதும் அதன் கருத்து. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அத்துயரை ஊழென்று மடித்து வைத்திருந்தால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்திராது. யார் செய்த வினை என்னும் கேள்விக்கு விடை கூற மனிதருக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. இனி யார் என்ன செய்வது என்னும் கேள்விக்கு விடை கூறாதிருக்க எவருக்கும் உரிமை இல்லை.