யாருடைய மைந்தன்?

தொட்டிலில் குழந்தை உறங்குகிறது. தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியின்மீது தந்தை தம் விரலால் மகனின் பெயரை எழுதுகிறார். பின்னர்க் குனிந்து, குழந்தையின் வலக்காதில் அதனை மெல்ல ஓதுகிறார். நாமகரணம் என்னும் இச்சடங்கைப் பிறந்த பத்தாம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ செய்யுமாறு மனு தர்ம சாத்திரம் விதிக்கிறது.

அந்த ஒரு சொல்லைத் தேடுவதற்குள் இல்லத்தார் படும் பாடு சிறிதன்று. பெயர்ப் புத்தகங்கள் புரட்டப்படுகின்றன. நட்சத்திரத்திற்கு உரிய முதலெழுத்து பார்க்கப்படுகிறது. எண்களின் கூட்டுத்தொகை சரிபார்க்கப்படுகிறது. ‘பெயர் புதுமையாக இருக்கிறதா?’ என்ற கேள்வி பலமுறை எழுகிறது. ‘இப்பெயர் இவனுக்கு யாரை நினைவூட்டும்?’ என்ற கேள்வியோ எழுவதே அரிது. நம் முன்னோர் முதலில் கேட்டது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

வடமொழியில் ‘இன்னாரின் மைந்தன்’ என்னும் பொருளைப் பெயரிலேயே அமைப்பதற்கென்று தனி விகுதிகள் உண்டு. தசரதரின் மைந்தர் தாசரதி. வசுதேவரின் மைந்தர் வாசுதேவர். சுமித்திரையின் மைந்தர் சௌமித்ரி. அஞ்சனையின் மைந்தர் ஆஞ்சநேயர். கங்கையின் மைந்தர் காங்கேயர். கார்த்திகைப் பெண்டிர் பாலூட்டி வளர்த்ததால் முருகப்பெருமான் கார்த்திகேயர். தமிழ்ச் சங்கப் புலவரும் ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்றே அறியப்படுகிறார். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தன் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் இடையே தந்தையின் பெயரை வைத்து எழுதும் வழக்கம் இன்றும் உண்டு.

தந்தையின் பெயர் மட்டுமே இவ்வாறு வழங்கியது என்று எண்ணுதல் பிழை. பிருகதாரண்யக உபநிடதத்தின் இறுதியில் வரும் குருபரம்பரையில் காத்யாயனீபுத்திரர், கௌதமீபுத்திரர், பாரத்வாஜீபுத்திரர் என்று ஆசாரியர்கள் தாயின் பெயராலேயே வரிசைப்படுத்தப்படுகிறார்கள். நற்குணமுள்ள மகன் அமைவதில் தாய்க்கே முதன்மை உண்டு என்பதை அதற்குக் காரணமாக ஆதிசங்கரர் காட்டுகிறார். புத்தரின் தலைமாணாக்கர் சாரிபுத்திரரும் தாயின் பெயரைத் தாங்கியவரே.

இப்பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. குருக்ஷேத்திரத்தில் வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்த அர்ஜுனனைப் பகவான் ‘பார்த்தா’ என்றும் ‘கௌந்தேயா’ என்றும் அழைக்கிறார். பிருதை என்பது குந்தியின் இயற்பெயர். போருக்குச் சற்று முன்னர்தான் அந்தத் தாய், க்ஷத்திரியப் பெண் எதற்காக மகனைப் பெறுகிறாளோ அந்தக் காலம் வந்துவிட்டது என்று கண்ணனிடமே சொல்லியனுப்பியிருந்தாள். தளர்ந்த மகனைத் தாயின் பெயரால் அழைத்தபோது, அவ்வழைப்பினுள் ஓர் உபதேசமும் அடங்கியிருந்தது.

அதே குந்தியின் முதல் மகனோ வேறொரு பெயரைத் தேர்ந்துகொண்டான். தூது முறிந்த பின் கண்ணபிரான் கர்ணனைத் தனியே தேரில் அழைத்துச் சென்று, அவனுடைய பிறப்பின் உண்மையைக் கூறி, அரசுரிமையையும் அளிக்க முன்வந்தார். கர்ணன் மறுத்தான். ராதைக்குத் தன்மீது கொண்ட அன்பினால் பால் சுரந்ததையும், தன் மலஜலத்தை அவள் அருவருக்காமல் துடைத்ததையும் எடுத்துக் கூறினான். அதிரதனே தனக்கு ஜாதகர்மம் முதலியவற்றைச் செய்து, அந்தணர்களைக் கொண்டு வசுஷேணன் என்று பெயரிடச் செய்தான் என்றும் சொன்னான். ‘கௌந்தேயன்’ என்ற பெயரில் ஓர் அரசு இருந்தது. ‘ராதேயன்’ என்ற பெயரில் அன்பு மட்டுமே இருந்தது. அவன் அன்பின் பெயரையே வைத்துக்கொண்டான்.

அந்த நன்றியுணர்வு போற்றத்தக்கது. ஆயினும் வளர்த்தவர்களின் பெயரைக் காத்த கர்ணன் அறத்தின் பக்கம் நிற்கவில்லை. வெற்றி யுதிஷ்டிரருக்கே என்று அறிந்தும் துரியோதனனோடு நின்றான். பெற்றோரிடம் பற்று இருந்தால் மட்டும் போதுமா? அப்பற்று சத்தியத்தில் வேரூன்ற வேண்டாமா?

இதற்கு விடையாகச் சாந்தோக்ய உபநிடதம் ஒரு சிறுவனைக் காட்டுகிறது. குருகுலம் செல்ல விரும்பிய சத்தியகாமன் தன் கோத்திரம் என்னவென்று தாயைக் கேட்டான். ஜபாலை எதையும் மறைக்கவில்லை. இளமையில் பல இடங்களில் பணிப்பெண்ணாக உழன்ற காலத்தில் அவனைப் பெற்றதாகவும், அவனது கோத்திரத்தைத் தான் அறியாததாகவும் கூறினாள். தன் பெயர் ஜபாலை, அவன் பெயர் சத்தியகாமன்; ஆகவே சத்தியகாம ஜாபாலன் என்றே சொல்லிக்கொள்ளுமாறு பணித்தாள். ‘உண்மையை விரும்புபவன்’ என்பது அவள் இட்ட பெயர். அதற்குப் பக்கத்தில் அவள் வைத்தது, ஒளிவுமறைவற்ற தன் சொந்தப் பெயர்.

சிறுவன் கௌதம முனிவரிடம் சென்று தாய் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் சொன்னான். கோத்திரத்தைக் கேட்ட குரு, அவனிடம் சத்தியத்தைக் கண்டார். உண்மையிலிருந்து வழுவாத அவனை உடனே சீடனாக ஏற்றார். மெலிந்த 400 பசுக்களை அவனிடம் ஒப்படைத்தார். அவை 1,000 ஆகும்வரை திரும்புவதில்லை என்று உறுதிபூண்டு காடு சென்ற சத்தியகாமன், பிரம்ம ஞானியின் ஒளி பொருந்திய முகத்துடன் திரும்பினான். அன்னை இட்ட பெயர் அவனுடைய வாழ்க்கையாயிற்று. அவள் உண்மையை மறைத்திருந்தால் அப்பெயர் வெறும் ஓசையாகவே நின்றிருக்கும்.

மகனுக்குப் பெயரிடும் பெற்றோர் உணர வேண்டியது இதுவே. மகன் தங்கள் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பது எளிது. அவன் தாங்கத் தகுந்ததாகத் தங்கள் பெயரைத் தூயதாக வைத்திருப்பது அரிது. சத்தியன் என்று பெயரிட்டுவிட்டு, கடன் கேட்டு வந்தவரிடம் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லுமாறு அதே குழந்தையை அனுப்பும் இல்லத்தில், நாமகரணம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

தாய் தந்தையர் பெயருக்கும் மேலாக எல்லா மைந்தருக்கும் பொதுவான ஒரு பெயர் உண்டு. சுவேதாச்வதர உபநிடதம் மனிதர்களை அழியாமையின் புதல்வர்கள் என்று அழைக்கிறது. 1893 செப்டம்பர் 19 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் அந்தப் பெயரையே உலகின் முன் வைத்தார். மனிதனைப் பாவி என்று அழைக்க மறுத்தார். தந்தையை அறியாதவனுக்கும், பெற்றவள் ஆற்றில் விட்டவனுக்கும், அரண்மனையில் பிறந்தவனுக்கும் அப்பெயரில் சம உரிமை உண்டு.

அரிசியில் எழுதிய எழுத்து அன்று மாலைக்குள் கலைந்துவிடும். அந்த அழியாப் பெயரைக் குழந்தையின் காதில் ஒருமுறை ஓதினால் போதாது. பெற்றோர் தம் வாழ்க்கையால் நாள்தோறும் ஓதிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வாறு ஓதப்படும் இல்லத்தில் வளரும் மகன், தான் யாருடைய மைந்தன் என்பதை ஒருபோதும் மறப்பதில்லை.