மணியும் நாகதம்பிரானும்

வட்டை வரம்பில் பாம்பைக் கண்டால் மண்வெட்டியை ஓங்குவோம். அதே கையால் பாம்புத் தெய்வமான நாகதம்பிரானுக்குப் பாலும் வைப்போம். என் நாய் மணியைக் காக்க ஒரு பாம்பைக் கொல்லலாமா?

பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் தீமிதிப்புக்கு ஆரையம்பதியிலிருந்தும் போகிறோம். அந்தத் திரௌபதியின் கதையான பாரதத்தில் ஜனமேஜயனின் தம்பிமார் குற்றமற்ற நாய்க்குட்டியை அடிக்க, தாய் சரமை சபிக்கிறாள். அதே மன்னனின் சர்ப்பயாகத்தை ஆஸ்திகர் நிறுத்துகிறார். தருமரோ நாயை விட்டுச் சொர்க்கம் புக மறுக்கிறார். நாய்க்காகவும் பாம்புக்காகவும் அங்கே வழக்காட ஆள் உண்டு.

வளவுக்குள் நாகம் புகுந்து மணிமேல் சீறினால் அடிப்பேன். அதைப் புண்ணியம் என்று சொல்லமாட்டேன். நானும் மணியும் நடக்கப் போகும் வாவிக்கரையோ பாம்பின் இடம். அது நாயைத் தேடி வருவதில்லை. நாய்தான் மூக்கை நீட்டும். அதனாலேயே முகத்திலும் முன்காலிலும் கடி விழுகிறது. தாழம்புதரருகே மணியின் காது விறைத்து மூக்கு தரையோடு இறங்கும். உடனே சங்கிலியைக் குறுக்கிப் பிடிப்பேன். பொழுதுபட்டால் அந்தப் பக்கமே போவதில்லை.

கடித்துவிட்டால் நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போகவேண்டும். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கும் ஆனது. நாகதம்பிரானுக்கு நேர்த்தியை வண்டியில் போகும்போதே வைக்கலாம்.