நகமளவு இடம்

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரியன. பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நம்மிடம் சந்தேகம் ஒன்றைக் கேட்டிருக்கிறார். அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். அந்தப் பிள்ளை கடையில் ஒரு பெட்டி வாங்கி வந்து, செல்போனில் பார்த்துப் பழகி, நகத்தின் மேல் ரோஜாவும் இலையும் முத்தும் புடைத்து நிற்கும்படி வீட்டிலேயே செய்துகொள்கிறாளாம். கல்யாணத்தன்று பத்து விரல்களிலும் அப்படி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாளாம். "இது கூடுமா, கூடாதா?" என்பது கேள்வி. இன்று பல வீடுகளில் நடப்பது இதுதான் என்பதால், விடையை எல்லோருக்கும் பொதுவாகவே சொல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அழகு செய்துகொள்வது குற்றமன்று. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடுப்பவர் யார் என்று அருள்மறையின் அஃராஃப் அத்தியாயம், 32ஆம் வசனம் கேட்கிறது. ஆகவே விவரம் சொல்லாமல் "ஹராம்!" என்று பெண் பிள்ளையை அதட்டுவதும் முறையல்ல, "மனம் சுத்தமாக இருந்தால் போதும்" என்று விட்டுவிடுவதும் முறையல்ல. நகத்தில் நிறம் இருப்பது பற்றியதல்ல பிரச்சினை. நகத்தில் தண்ணீர் படுகிறதா என்பதே பிரச்சினை.

மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் தொழுகைக்கு முன் முகத்தையும், முழங்கை வரை கைகளையும், கரண்டை வரை கால்களையும் கழுவக் கட்டளையிடுகிறது. தலையைத் தடவச் சொல்கிறது. கை என்றால் நகமும் கைதான். ஒருவர் உளூச் செய்தபோது அவருடைய பாதத்தில் ஓரிடம் நனையாமல் நின்றுவிட்டது. எவ்வளவு இடம்? ஒரு நகமளவு! பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, திரும்பிச் சென்று உளூவை அழகாகச் செய்யும்படி அவருக்குச் சொன்னார்கள். அவரும் திரும்பிப் போய்ச் செய்துவிட்டு வந்து தொழுதார். ஹளரத் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் நூலில் இருக்கிறது. ஒரு நகமளவு இடத்துக்கே இந்த நிலை என்றால், பத்து நகங்களும் மூடிக் கிடந்தால் என்ன சொல்வது?

அந்தப் புடைப்புப் பூ எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். முதலில் நகத்தின் மேல் ஓர் அடிப்பூச்சு. அதன்மேல் ஜெல் பூசி, விளக்கொளியில் காட்டி இறுகச் செய்கிறார்கள். அல்லது அக்ரிலிக் பொடியைத் திரவத்தில் தோய்த்து, தூரிகை நுனியில் உருட்டி, அது இறுகுவதற்குள் இதழ் இதழாக அழுத்துகிறார்கள். அதற்கும் மேலே கல், முத்து, கடைசியாக ஒரு பளபளப்புப் பூச்சு. அத்தனையும் பிளாஸ்டிக் போன்ற கெட்டிப் பொருள். சாதாரண நகப்பூச்சைப் பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம். இதை எடுக்க அசிட்டோனில் ஊறவைத்து, அரத்தால் தேய்க்க வேண்டும். ஐந்து வேளையும் ஒருவரால் இப்படிச் செய்ய முடியுமா? ஒருமுறை வைத்தால் இரண்டு, மூன்று வாரம் அப்படியே இருக்கும்.

உளூவுடன் இருக்கும்போது பூசிக்கொண்டால், அந்த உளூ முறியும் வரை தொழலாம். முறிந்த பிறகு பூச்சை நீக்கினால் ஒழிய அடுத்த உளூ நிறைவேறாது. உளூவைவிடப் பெரிது குளிப்பு. ஹைளு நின்ற பின்னும், ஜனாபத்திலும் உடல் முழுவதும் தண்ணீர் படுவது பர்ளு. மணப்பெண் விஷயத்தில் நாம் அஞ்சுவது இதற்குத்தான். கல்யாணத்தன்று வைத்த பூ நகத்தில் இருக்கும்போதே அவள் மீது குளிப்புக் கடமையாகிவிடும். புது வாழ்வின் முதல் சுபுஹு தொழுகையே கூடாமல் போனால், அந்த அலங்காரத்தால் என்ன லாபம்?

சிலர் கூறும் சமாதானங்களையும் பார்ப்போம்.

"காலுறை மேல் மஸஹு செய்யலாமே, நகப்பூச்சு மேல் ஏன் கூடாது?" என்கிறார்கள். தோல் காலுறைக்கு நபிவழியில் தனி அனுமதி உண்டு. அதுவும் காலுக்கு மட்டும். ஊரில் இருப்பவருக்கு ஒரு நாள், பயணிக்கு மூன்று நாள். நகத்துக்கு அப்படி ஓர் அனுமதி வரவில்லை.

"காற்றுப் புகும் பூச்சு வந்துவிட்டதே" என்கிறார்கள். போலந்து நாட்டின் இங்லாட் நிறுவனம் வெளியிட்ட அத்தகைய பூச்சு, 2013 வாக்கில் முஸ்லிம் பெண்களிடையே பெயர் பெற்றது. ஆவி புகுவது வேறு, கழுவுகின்ற தண்ணீர் போய்ச் சேருவது வேறு. ஒற்றைப் பூச்சிலேயே இத்தனை கேள்வி இருக்க, அடுக்கடுக்காகப் பூ வைத்த நகத்துக்கு அந்தப் பேச்சே பொருந்தாது.

"சாயத் தொழிலாளி நகத்தில் சாயம் ஒட்டியிருந்தால் மன்னிப்பு உண்டாமே" என்கிறார்கள். உண்மைதான். ஹனஃபி மத்ஹபின் துர்ருல் முக்தார் நூலில் சாயமிடுபவரின் நகத்தில் ஒட்டியிருப்பது தடையாகாது என்று வருகிறது. வெண்ணந்தூர் தறியோட்டத்தால் பிழைக்கும் ஊர். சேலம் வட்டாரத்தில் நூலுக்குச் சாயம் போடுகிறவரின் விரல்கள் எப்படி இருக்கும் என்று இவ்வூர் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அவர் பிழைப்புக்காகப் படும் சிரமத்தை மார்க்கம் மதிக்கிறது. அழகுக்காக நாமே வலிய ஒட்டிக்கொள்வதற்கு அந்தச் சலுகையை எப்படிக் கேட்பது?

மார்க்கம் பெண்களைச் சிரமப்படுத்துகிறது என்று எவரும் எண்ண வேண்டாம். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், கடமையான குளிப்புக்காகத் தம் இறுகிய சடையை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டியதில்லை, தலையில் மும்முறை தண்ணீர் அள்ளி ஊற்றினால் போதும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் இலகுவாக்கினார்கள். சடைக்குள்ளும் தண்ணீர் இறங்கும். ஜெல்லுக்குள் இறங்காது.

உடல் நலத்தையும் எண்ணிப் பாருங்கள். இந்தப் பூச்சுகளில் உள்ள மெத்தாக்ரிலேட் வகை ரசாயனங்கள் இறுகுமுன் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். நகம் தளரும், விரல் அரிக்கும். 2018ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் இதைப் பற்றி எச்சரித்தது. வீட்டில் தாமே பூசிக்கொள்ளும் பெட்டிகளை முக்கியமாகக் குறிப்பிட்டது. அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் ஆயுள் முழுவதும் தொடரக்கூடும். பழகத் தொடங்குகிறவரின் கைதான் அதிகம் தவறும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. மரணம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மய்யித்தைக் குளிப்பாட்டும் பெண்கள், விரலில் இறுகிய பூவோடு கிடக்கும் கையைப் பிடித்துக்கொண்டு, அதை எப்படி அகற்றுவது என்று தவிக்கும் நிலை நம் வீட்டில் வர வேண்டுமா?

அப்படியானால் ஆசையை என்ன செய்வது? மருதாணி இருக்கிறதே! திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கடிதம் நீட்டியபோது, பெண்ணின் கை என்றால் நகத்தில் மருதாணி நிறம் இருந்திருக்கலாமே என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதிலும் நஸயீயிலும் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரைப் பற்றி அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது. ஆனால் மருதாணியின் நிறம் உளூவைத் தடுக்காது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் ஐயமில்லை. நிறம் நகத்தில் ஊறுகிறது. மேலே படலமாக நிற்பதில்லை.

பச்சை இலையைக் கொஞ்சம் கொட்டைப்பாக்கு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அம்மியில் மையாக அரையுங்கள். இஷாத் தொழுதபின் விரல் நுனிக்குத் தொப்பி போல் வைத்துக்கொள்ளுங்கள். சுபுஹுக்கு முன் விழுதை முழுவதும் கழுவிவிட்டு உளூச் செய்யுங்கள். இரண்டு, மூன்று இரவு வைத்தால் நிறம் நன்றாக ஏறும். கோனில் வாங்கினால் கருப்பு மருதாணி என்று விற்பதைத் தவிருங்கள். அதில் தலைமுடிச் சாய ரசாயனம் கலந்திருந்தால் தோல் வெந்துபோகும். சில கோன்களில் நிறம் தோல் போல் உரிந்து வரும். சுரண்டினால் உரிவது எதுவோ, அது படலம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைக்கு நகப்பூ மேல் ஆசை தீரவில்லையென்றால், ஹைளு நாட்களில் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, குளிக்குமுன் மீதமில்லாமல் அகற்றட்டும். பூ, இலை, கொடி செய்யலாம். பறவை, பட்டாம்பூச்சி போன்ற உயிருள்ளவற்றின் உருவம் வேண்டாம். உருவம் செய்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் செய்துகொள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் உண்டு. பூச்சுக்காக நகத்தை நீள வளர்ப்பதும் கூடாது. நகம் வெட்டுவதை நாற்பது இரவுகளுக்கு மேல் தள்ளிப்போடலாகாது என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்நிய ஆண்கள் முன் அழகைக் காட்டுவதை நூர் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தடுத்திருப்பதும் நினைவில் இருக்கட்டும். அறியாமல் பூச்சோடு தொழுதவர்கள் மனம் உடைய வேண்டாம். உள்ளூர் ஆலிமிடம் விவரம் சொல்லி, களாச் செய்யும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே! பிள்ளையின் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்குவதில் பலன் இல்லை. பக்கத்தில் உட்காருங்கள், அந்த விரல்களை உங்கள் மடியில் வைத்து நீங்களே மருதாணி இடுங்கள். நகமளவு இடத்தின் செய்தியை அப்போது சொல்லுங்கள். அது மனத்தில் ஊறும்.

நம் பெண்மக்களின் கைகளை அழகாகவும், உளூவின் நீர் தடையின்றிப் படும் கைகளாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.