கூலியில்லா வேலைக்குக் கடமை உண்டா?

“நான் இதற்குச் சம்பளமா வாங்குகிறேன்?”

நமது ஊர்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. வாசிகசாலையின் திறப்பை வைத்திருப்பவர் மாலை ஐந்து மணிக்கு வரவேண்டியவர், ஆறரைக்கு வருகிறார். கதவடியில் காத்து நின்ற பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டார்கள். மரண உதவிச் சங்கத்தின் கணக்கை எழுதுபவர் மூன்று மாதமாகக் கொப்பியைத் திறக்கவில்லை. பாடகர் குழாமில் நல்ல குரல் உள்ளவர் திருவிழாவுக்கு மட்டும் வருவார், பயிற்சிக்கு வரமாட்டார். யாராவது மெல்லக் கேட்டால், “சுவாமி, நான் சும்மாதானே செய்கிறேன்” என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். கேட்டவர் வாயடைத்துப் போவார்.

ஏனெனில் அப்பதிலில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. கூலி வாங்கியவன் வேலை செய்யக் கடமைப்பட்டவன். வாங்காதவன் செய்வதெல்லாம் அவனுடைய பெருந்தன்மை. பெருந்தன்மைக்கு நேர அட்டவணை போடலாமா?

இந்த நியாயம் உண்மையானதா என்பதை ஆராய, விளையாட்டுப்போலத் தோன்றும் ஒரு விடயத்தை எடுத்துக்கொள்வோம். சின்னஞ்சிறு மாதிரிப் புகையிரதங்களைச் செய்து மகிழும் பொழுதுபோக்கு ஒன்று. கைவிடப்பட்ட பழைய புகையிரதங்களையும் அவற்றின் நூதனசாலைகளையும் கூலியின்றிப் பேணும் தொண்டு மற்றொன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவை இரண்டும் ஆயிரக்கணக்கானோரின் ஓய்வு நேரத்தை ஆட்கொண்டவை. சம்பளமே இல்லாத இவ்விடத்தில் கடமை உண்டென்று காட்ட முடிந்தால், மற்ற இடங்களில் அதனை மறுப்பது கடினம்.

ஒரு குருவானவரும் ஒரு மர எஞ்சினும்

வில்பேட் ஓட்ரி என்பவர் 1911 ஆம் ஆண்டு பிறந்த அங்கிலிக்கன் சபைக் குருவானவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவருடைய சிறிய மகன் கிறிஸ்ரபர் சின்னமுத்து நோயினால் படுக்கையில் கிடந்தபோது, எஞ்சின்கள் பேசுவதாகக் கதைகள் சொல்லித் தேற்றினார். போர்க்காலம் ஆகையால் விளையாட்டுப் பொருள்கள் அருமை. தும்புத்தடிப் பிடியின் துண்டையும் கழித்த மரத்துண்டுகளையும் கொண்டு தாமே ஒரு சிறிய எஞ்சினைச் செய்து மகனுக்குக் கொடுத்தார். அக்கதைகளே 1945 இல் முதல் நூலாக வெளிவந்தன. 1946 இல் வந்த இரண்டாம் நூலிலேதான், இன்று உலகெங்கும் பிள்ளைகள் அறிந்த தொமஸ் என்ற எஞ்சின் இடம்பெற்றது. 1972 வரை அவர் 26 நூல்களை எழுதினார்.

கதையோடு அவர் நிற்கவில்லை. வீட்டிலே மாதிரிப் புகையிரதப் பாதைகளை அமைத்துக் கண்காட்சிகளுக்குக் கொண்டுசென்றார். 1952 இல் வேல்ஸ் நாட்டின் தாலிலின் புகையிரதப் பாதையில், சம்பளம் இல்லாத கார்ட்டாகக் கொடியும் ஊதலும் ஏந்தி வேலை செய்தார். மேசைமேல் ஓடும் வண்டியையும் மனிதரை ஏற்றி ஓடும் வண்டியையும் ஒருசேர அறிந்தவர் அவர்.

யாரும் கேளாத நேர்மை

முதலில் மேசைமேல் ஓடும் வண்டியைப் பார்ப்போம். பிரித்தானியாவில் பெருவழக்காக உள்ள மாதிரிகளில், உண்மையான புகையிரதத்தின் ஓர் அடி நீளம் 4 மில்லிமீற்றராகச் சுருக்கப்படுகின்றது. அக்கணக்குப்படி இரு தண்டவாளங்களுக்கும் இடையே 18.83 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். ஆனால் கடைகளில் விற்கும் பாதையில் இருப்பது 16.5 மில்லிமீற்றர் மட்டுமே. முற்காலத்து மோட்டார்களையும் சில்லுகளையும் பிரித்தானிய எஞ்சினின் ஒடுங்கிய உடலுக்குள் அடக்குவதற்காகச் செய்துகொண்ட சமரசம் அது. குறைபாடு இரண்டரை மில்லிமீற்றர்கூட இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் கண்ணுக்கு அது தெரியாது.

ஆயினும் 1960 களில் சிலர் இந்தச் சமரசத்தை ஏற்க மறுத்தார்கள். தண்டவாளத்தைத் தாமே பதித்தார்கள், சில்லுகளை மாற்றினார்கள், கடையில் வாங்கி ஒரு நாளில் முடிக்கக்கூடியதை மாதக்கணக்கில் செய்தார்கள். இன்றும் அவ்வழியில் செய்வோர் உளர். அவர்களை மேற்பார்க்க அதிகாரி இல்லை. பிழைவிட்டால் வெட்டப்படச் சம்பளமும் இல்லை. பின் ஏன் இந்தப் பாடு? எடுத்துக்கொண்ட பொருளே அவர்களிடம் ஒன்றைக் கேட்கிறது என்பதுதான் பதில். ஓர் உண்மையான எஞ்சினின் சாயலைச் செய்ய விரும்புகிறவன், அந்த எஞ்சினுக்கு உண்மையாக இருக்கவேண்டும். எந்த வேலைக்கும் அதற்கேயுரிய நேர்மை ஒன்று உண்டு. அது கூலியோடு வந்து கூலியோடு போவதில்லை. நமது தச்சர்களும் தையற்காரரும் நன்கறிந்த உண்மை இது. மேசையின் அடிப்பக்கத்தையும் இழைத்துவிடும் தச்சனுக்கு அதற்கென்று யாரும் தனிக் கூலி கொடுப்பதில்லை.

ஆயினும் மாதிரி செய்பவர் ஒரு வகையில் தனி அரசர். சலிப்புத் தட்டினால் பாதி முடிந்த எஞ்சினைப் பெட்டியில் மூடி வைக்கலாம். யாரும் பாதிக்கப்படப் போவதில்லை. அவருடைய கடமை அப்பொருளோடு நின்றுவிடுகிறது.

புல் பிடித்து நின்ற பாதை

தாலிலின் பாதையின் நிலை வேறு. மலையிலிருந்து சிலேற்றுக் கல்லை ஏற்றி இறக்க 1865 இல் அமைந்த பாதை அது. தண்டவாளங்களின் இடைவெளி 27 அங்குலம் மாத்திரமே. அதன் உரிமையாளரான சேர் ஹெய்டன் ஜோன்ஸ், தாம் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று வாக்களித்திருந்தார். 1946 இன் இறுதியில் கற்சுரங்கம் இடிந்து மூடப்பட்ட பின்னரும் அவர் அவ்வாக்கைக் காத்தார். 1950 யூலையில் அவர் மறைந்தார். வண்டியும் அத்தோடு நிற்கவேண்டியதுதான் என்று பலர் எண்ணினார்கள்.

அவ்வேளையில் எல். ரீ. சி. றோல்ற் என்ற எழுத்தாளரும் அவரது நண்பர்களும் 1950 ஒக்டோபரில் பேர்மிங்காம் நகரில் கூட்டம் கூட்டி, அப்பாதையைத் தொண்டர்களைக் கொண்டே நடத்துவதென்று தீர்மானித்தார்கள். 1951 மே 14 ஆம் நாள் அவர்களுடைய முதல் வண்டி டவின் நகரிலிருந்து புறப்பட்டது. தொண்டர்களால் காப்பாற்றி நடத்தப்பட்ட முதலாவது புகையிரதப் பாதை உலகில் இதுவே.

அவர்கள் பொறுப்பேற்றபோது ஓடக்கூடிய எஞ்சின் ஒன்றே இருந்தது. 1866 இல் செய்யப்பட்ட டோல்கொக் என்பது அதன் பெயர். சிலிப்பர் கட்டைகள் உக்கிப்போய், தண்டவாளங்களைப் புல்லின் வேர்களே பிடித்து வைத்திருந்தன என்று சொல்லத்தக்க நிலை. மூடப்பட்ட கொரிஸ் பாதையிலிருந்து தலைக்கு 25 பவுண் விலையில் இரு எஞ்சின்களை வாங்கினார்கள். அவற்றுள் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது, அகன்றுபோன தண்டவாளங்களுக்கு இடையே அதன் சில்லுகள் விழுந்துவிட்டன. எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் விடுமுறை நாள்களில் வந்து மண் கிண்டினார்கள், கட்டை மாற்றினார்கள், புல் வெட்டினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வண்டியில் பயணிகள் ஏறினார்கள். தாயும் பிள்ளையும் சீட்டு வாங்கி அமர்ந்தபின், எஞ்சின் சாரதி சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பது அவர்களுடைய உயிருக்கு ஒரு வேறுபாட்டையும் செய்யாது. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாமலிருக்க ஓர் எளிய ஏற்பாடு உண்டு. பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய அடையாளப் பொருளைக் கையில் பெறாமல் சாரதி அப்பகுதிக்குள் நுழையக் கூடாது. நமது நாட்டு நிலையங்களில் வளையத்தில் வைத்துக் கைமாற்றிய ‘ரப்லற்’ இவ்வகையைச் சேர்ந்ததே. “நான் தொண்டன்தானே, இன்றைக்கு அது இல்லாமல் போகிறேன்” என்று ஒருவர் சொன்னால் நாம் அவரைப் பெருந்தன்மையாளர் என்போமா?

ஓட்ரி குருவானவர் கார்ட்டாக இருந்த நாள்களில், நிலையத்தில் சிற்றுண்டி விற்கும் பெண்மணி ஏறுமுன்னரே கொடியை அசைத்துவிட்டாராம். வண்டி புறப்பட்டுவிட்டது, அந்த அம்மா நிலையத்தில் தனித்து நின்றார். பின்னர் இதனையே ஒரு கதையாக எழுதிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். நாமும் சிரிக்கலாம். ஆனால் இங்கே ஒரு பாடமும் உண்டு. கூலி வாங்காத கையும் கொடியை அசைத்தால் வண்டி ஓடும், விடுபட்டவர் விடுபட்டவரே.

கடமை எங்கிருந்து பிறக்கிறது?

கூலியிலிருந்துதான் கடமை பிறக்கிறது என்பது மேலோட்டமான எண்ணம். கூலியாளின் நிலையையே எடுத்துப் பார்ப்போம். மாத முடிவில்தான் அவன் கையில் பணம் வருகிறது. ஆனால் முதல் நாள் காலையிலேயே அவன் கடமைப்பட்டிருக்கிறான். ஏன்? “வருகிறேன்” என்று சொல்லிவிட்டான். அவனை நம்பி மற்றவர்கள் தம் காரியங்களை ஒழுங்கு செய்துவிட்டார்கள். கடமையின் வேர் கொடுத்த வாக்கும் அதன்மேல் மற்றவர் வைத்த நம்பிக்கையுமே. கூலி என்பது மறுபக்கத்தவர் கொடுத்த வாக்கு. அதனை எடுத்துவிட்டாலும் நான் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது.

அப்படியானால் தொண்டு இலவசமான கொடையாக இருப்பது எவ்வாறு என்று கேட்கலாம். கொடை இருப்பது ஏற்றுக்கொள்ளும் செயலில். வாசிகசாலைத் திறப்பை வாங்கும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மறுத்திருக்கலாம். சுதந்திரமாக ஏற்றீர்கள். ஏற்றபின் பிள்ளைகள் ஐந்து மணிக்கு வரலாம் என்ற நம்பிக்கையைப் பெற்றுவிட்டார்கள். அதன்பின் ஐந்து மணி உங்களுடையது மட்டுமன்று. திருமணத்திலும் இதுவேதான் நிகழ்கிறது. யாரும் வற்புறுத்தாமல் கொடுத்த சம்மதமே ஆயுள் முழுவதும் கட்டுகிறது. அதனால் அந்த அன்பு அன்பில்லாமற் போவதில்லை.

ஏற்றதை ஒருபோதும் விட முடியாதா? விடலாம். உடல் தளரும், குடும்பம் பெருகும், ஊர் மாறும். ஆனால் விடுவதற்கும் ஒரு முறை உண்டு. முன்கூட்டிச் சொல்லி, கணக்கை முடித்து, திறப்பை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். வண்டி புறப்படும் காலையில் வராமல் நிற்பது வேறு.

இரு தடைகளும் அவற்றுக்கு விடையும்

“பசித்தவர்கள் இருக்கையில் பழைய இரும்புக்கு இவ்வளவு பாடா?” என்பது ஒரு தடை. பாரதூரமான கேள்விதான். ஆனால் பழைய இரும்பு வெறும் இரும்பன்று. நமது நாட்டில் முதல் வண்டி 1864 டிசெம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. அதன் 150 ஆவது ஆண்டு நிறைவான 2014 டிசெம்பரில், கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 13 இல்தான், 1990 இல் நின்றுபோன புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் அற்ற வெறும் மேட்டை 24 ஆண்டுகள் பார்த்திருந்த நமக்கு, ஒரு பாதை மறைந்தால் அதனோடு எவ்வளவு மறைந்துபோகும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறைந்த தொழிலாளரின் கைவேலையை மறவாதிருப்பதும் ஒருவகை நீதியே.

இரண்டாவது தடை, விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் ஒழுக்கவியலில் இடமுண்டா என்பது. புனித தோமஸ் அக்குவினார் தமது பெருநூலில் இதனை ஆராய்ந்திருக்கிறார். எப்போதும் நாணேற்றிய வில் முறியும் என்ற பழைய உவமையைக் காட்டி, மனத்துக்கும் ஓய்வு வேண்டுமென்கிறார். விளையாட்டில் மிகையும் குற்றம், விளையாட்டே அறியாத கடுமையும் குற்றம் என்பது அவர் முடிவு. அரிஸ்ரோட்டிலும் இதில் நடுவழியையே நற்பண்பென்றார்.

மிகை எது? வீட்டார் பங்கைத் தின்னும்போது பொழுதுபோக்கு மிகையாகிறது. மனைவி நோயிலும் பிள்ளை பாடத்திலும் துணை தேட, தந்தை சங்கம், கழகம், கண்காட்சி என்று அலைவாரானால், அவர் பிறர் பொருளை எடுத்துத் தானம் செய்கிறார். வீட்டிலும் நம்மை எதிர்பார்த்து நிற்பவர்கள் உண்டு. அங்கே கொடுத்த வாக்கு முந்தியது. ஆகவே பொதுப்பணியை ஏற்குமுன் நம் நேரத்தை அளந்து பார்க்கவேண்டும். நான்கு சங்கங்களில் பெயர் கொடுத்து நான்கையும் வாடவிடுவதிலும், ஒன்றை ஏற்று அதனை ஒழுங்காகச் செய்வதே மேல்.

பிள்ளைகளுக்கும் இதனைச் சிறு வயதிலேயே பழக்கலாம். மகன் கடதாசி மட்டையால் ஒரு வண்டியோ வீடோ செய்யத் தொடங்கினால், “படிக்காமல் இதென்ன விளையாட்டு” என்று பிடுங்கிவிடாதீர்கள். படிப்பு முடிந்தபின் அதற்கும் ஒரு வேளை கொடுங்கள். ஆனால் தொடங்கியதை முடிக்கச் சொல்லுங்கள். முடித்தபின், தம்பிக்கு ஒன்று செய்துதருவதாகச் சொல்லியிருந்தால் அதையும் நினைவூட்டுங்கள். யாரும் மதிப்பெண் போடாத வேலையைச் சரியாகச் செய்யவும், சொன்ன சொல்லுக்காக எழுந்து வரவும் அங்கே அவன் கற்றுக்கொள்கிறான்.

இவ்வாரம் நம்மில் யாராவது ஒரு பொதுப்பணியில் பிந்திப் போவதற்குக் காரணம் தேடினால், “எனக்கு என்ன தருகிறார்கள்?” என்று கேட்பதை விட்டு, “நான் போகாவிட்டால் கதவடியில் நிற்பவர் யார்?” என்று கேட்டுப் பார்ப்போம்.